வாசகர் கேள்விகள்: புற்றுநோய்க் கணக்கில் விடுபடுகிறவர்கள்

புற்றுநோயாளிகளை யார், எப்படி எண்ணுகிறார்கள் என்று போன இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் மருத்துவர் அல்ல. ஓய்வு பெறும்வரை ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டில் களப்பணியாளராக இருந்தவள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, படிவத்தில் எழுதிக்கொண்டு வருவதுதான் என் வேலை. அதனால் சிகிச்சை பற்றிய கேள்விகளை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். கணக்கு சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். நோய் விஷயம் என்பதால் கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

உலகப் புற்றுநோய் வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் அடர்நிறம். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் வெளிர்நிறம். நம் சாப்பாடும் வாழ்க்கை முறையும்தான் காரணம் என்கிறார் என் மாமா. சரிதானா?
*கல்லூரி மாணவர், நாமக்கல்*

உங்கள் மாமா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய் பணக்கார நாடுகளில் அதிகம், அதில் உணவுக்கும் உடல் பருமனுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த வரைபடத்தை வைத்து நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

முதலில் வயதைப் பாருங்கள். ஜப்பானில் பத்தில் மூன்று பேர் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். உகாண்டாவில் பாதிப் பேர் இன்னும் 18 வயதைத் தாண்டவில்லை. புற்றுநோய் பெரும்பாலும் வயதானபின் வருவது. அதனால்தான் நல்ல வரைபடங்களில் வயது வித்தியாசத்தைச் சமன் செய்தபிறகே வண்ணம் தீட்டுவார்கள். நீங்கள் பார்த்தது அப்படிப்பட்டதா என்று ஓரத்துக் குறிப்பில் தேடிப் பாருங்கள்.

சமன் செய்தாலும் பணக்கார நாடுகள் அடர்நிறமாகத்தான் தெரியும். அப்போது இறப்பு வரைபடத்தையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில் மார்பகப் புற்றுநோய் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் வைத்துப் போடும் மனித மேம்பாட்டுப் பட்டியலில் மிக உயரத்தில் இருக்கும் நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. 71 பெண்களில் ஒருவர் இதனால் இறக்கிறார். அடிமட்டத்தில் இருக்கும் நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். அங்கே கணக்கில் வரும் நோய் குறைவு, சாவு அதிகம். இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் ஆறுவதில்லை. கட்டி தெரிந்தும் பஸ் காசுக்கு யோசித்தவர்கள், வந்தபின் கீமோவைப் பாதியில் விட்டவர்கள், கடைசிவரை வராமலே போனவர்கள் எல்லாரும் அந்த 48க்குள் இருக்கிறார்கள்.

அடர்நிறத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. தேடினால் கிடைக்கும். தென்கொரியாவில் ஆட்களுக்குக் கழுத்தில் ஸ்கேன் பார்ப்பது பரவிய பிறகு, 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு பெருகியது. அதனால் இறந்தவர்கள் எண்ணிக்கை மாறவே இல்லை. அதாவது ஒரு பக்கம் தொந்தரவே செய்யாத கட்டியைக்கூடத் தேடி எடுத்து எண்ணுகிறார்கள். இன்னொரு பக்கம் உயிரைக் கொல்லும் கட்டியே எண்ணப்படாமல் போகிறது.

கடைசியாக அந்த வெளிர்நிறத்துக்கு வருகிறேன். லியோன் முகமை 185 நாடுகளுக்குக் கணக்குத் தருகிறது. அந்த எல்லா நாடுகளிலும் எண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பதிவேடு இருக்கும் நாட்டில் அதை எடுத்துக்கொள்வார்கள். ஒரு நகரத்துக்கு மட்டும் பதிவேடு இருந்தால் அதை வைத்து நாட்டுக்குக் கணிப்பார்கள். எதுவுமே இல்லாத நாட்டுக்குப் பக்கத்து நாடுகளின் சராசரியைப் போடுவார்கள். அந்த முகமையை நான் குறை சொல்லவில்லை, எந்த நாட்டுக்கு எப்படிக் கணித்தோம் என்பதை அவர்கள் ஒளிக்காமல் வெளியிடுகிறார்கள். ஆனால் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு எண்ணிய நாடும் கணித்த நாடும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் இத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தோம் என்று சொல்வார்கள். அதைக் கூட்டினால் போயிற்று. தனியாகப் பதிவேடு எதற்கு?
*மருந்துக்கடை உரிமையாளர், விருதுநகர்*

ஆஸ்பத்திரிக் கணக்கு வந்தவர்களைச் சொல்லும், வராதவர்களைச் சொல்லாது. அது முதல் குறை. இரண்டாவது, எங்கிருந்து வந்தார்கள் என்பது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் வார்டில் நின்று பாருங்கள். நெல்லூர்க்காரர், திருவண்ணாமலைக்காரர், கல்கத்தாவிலிருந்து வந்தவர் எல்லாரும் இருப்பார்கள். அந்த எண்ணிக்கையைச் சென்னையின் மக்கள்தொகையால் வகுத்தால் வருகிற விடைக்கு அர்த்தமே இல்லை.

பதிவேடு என்பது ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் குடியிருப்பவர்களில் இந்த ஆண்டு புதிதாக யாருக்கெல்லாம் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது என்று தேடித் தேடி எழுதுவது. எல்லைக்குள் குறைந்தது ஓராண்டாவது குடியிருந்திருக்க வேண்டும். வைத்தியத்துக்காக மட்டும் வந்து தங்கியவரைச் சேர்க்கக்கூடாது. சொல்வதற்கு எளிது. நோயாளிகள் பலர் ஊர் முகவரி கொடுக்கமாட்டார்கள், தங்கியிருக்கும் அண்ணன் வீட்டு முகவரியைத்தான் கொடுப்பார்கள். அதனால் நான் முகவரியோடு விடமாட்டேன். நோயாளி வரிசையில் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய், "எந்த ஊரும்மா உங்களுக்கு, இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்பேன்.

அரசு மருத்துவமனை, தனியார் நர்சிங் ஹோம், பயாப்சி பார்க்கும் லேப், ஸ்கேன் சென்டர், மாநகராட்சியின் இறப்புப் பதிவு அலுவலகம் என்று எல்லா இடமும் போக வேண்டும். நோயாளியைப் பற்றிய தகவலைப் பதிவேட்டுக்குத் தந்தே ஆகவேண்டும் என்று சில மாநிலங்களில் உத்தரவு இருக்கிறது. நாடு முழுவதற்கும் அப்படி ஒரு கட்டாயம் வரவில்லை. நான் வேலை பார்த்தபோது எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு கடிதமும் அடையாள அட்டையும்தான். ரெக்கார்டு ரூமைத் திறந்துவிட்டு, தேநீரும் வாங்கித் தந்தவர்கள் உண்டு. ஒரு தனியார் மருத்துவமனை எங்களைப் பல வருடம் வரவேற்பறையைத் தாண்டவே விடவில்லை. அங்கே வைத்தியம் பார்த்த உள்ளூர்க்காரர்களில் பலர் வேறு எங்காவது லேபிலோ இறப்புப் பதிவிலோ சிக்கினால்தான் எங்கள் கணக்கில் வருவார்கள்.

பிறகு ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வந்துவிடும் தொல்லை. ஆபரேஷன் ஓரிடம், கீமோ இன்னோரிடம், ரேடியேஷன் மூன்றாவது இடம். நம் பெயர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள். ஓரிடத்தில் அப்பா இனிஷியல், இன்னோரிடத்தில் கணவர் இனிஷியல். வயது ஒன்றில் 45, மற்றொன்றில் 50. தெரு, நோய் வந்த உறுப்பு, பயாப்சி தேதி எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, இவர்கள் மூவரும் ஒருவரே என்று முடிவு செய்ய வேண்டும். டென்மார்க்கில் 1942லேயே நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு வந்துவிட்டது. 1968லிருந்து அங்கே ஒவ்வொருவருக்கும் பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே எண். ஆஸ்பத்திரி, லேப், இறப்புச் சான்று எல்லாவற்றிலும் அந்த எண்தான். நாங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற பொருத்தத்தை அங்கே கணினி செய்துவிடும். நாடுகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வு மருந்தில் மட்டும் இல்லை, இதிலும் இருக்கிறது.

நம் நாட்டில் முதல் பதிவேடு 1963இல் பம்பாயில் தொடங்கியது. 1981இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டபோது பெங்களூரும் சென்னையும் சேர்ந்தன. சென்னைப் பதிவேட்டை நடத்துவது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 2012லிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் பதிவேடு விரிந்தது, அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் தேசியத் திட்டப் பதிவேடுகளின் எல்லைக்குள் வருகிறவர்கள் இன்றும் மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்தப் பதிவேடுகள் காட்டும் வித்தியாசத்தைக் கேளுங்கள். 2012 முதல் 2016 வரையிலான கணக்கில், மிசோரமின் ஐஸ்வால் மாவட்டத்தில் லட்சம் ஆண்களுக்கு 269 பேருக்கு ஆண்டுதோறும் புதிதாகப் புற்றுநோய். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில் 40. ஐஸ்வாலில் புகையிலைப் பழக்கம் மிக அதிகம், அதனால் அங்கே எண்ணிக்கை உயர்வது நியாயம். ஆனால் ஆறேழு மடங்கு வித்தியாசம் முழுவதும் நோயின் வித்தியாசம்தான் என்று நான் நம்பவில்லை. வறண்ட கிராமங்களில் வயிற்று வலியோடு இறந்துபோன விவசாயி எந்த லேபுக்கும் போயிருக்கமாட்டார். லேபுக்குப் போகாதவரைப் பதிவேடு எங்கே போய்ப் பிடிக்கும்?

என் மனைவியின் விவரங்களைப் பதிவேட்டுக்காரர்கள் கேட்டார்கள். சொந்தக்காரர்களுக்கோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ தெரிந்துவிடுமா?
*ஆவடி வாசகர்*

அவர்களுக்குத் தெரியவராது. பெயர் கேட்பது ஒருவரை இரண்டு முறை எண்ணாமல் இருக்கவும், பிறகு எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கவும் மட்டும்தான். வெளியே வரும் அறிக்கையில் வயது, பால், உறுப்பு, மாவட்டம் என்ற அளவில் மொத்த எண்ணிக்கைதான் இருக்கும். தயக்கமாக இருந்தால் வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். புரியவில்லை.
*பள்ளி ஆசிரியை, அறந்தாங்கி*

நோயாளிகளின் எண்ணிக்கையை எதனால் வகுப்பது? அந்த வயதில் அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதனால். 2011க்குப் பிறகு நம் நாட்டில் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். இதற்கிடையில் திருப்பூரிலும் ஓசூரிலும் எவ்வளவு பேர் வந்து குடியேறியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வகுக்கும் எண் பழையதாக இருந்தால், எண்ணியவர்கள் எவ்வளவு கவனமாக எண்ணியிருந்தாலும் வீதம் தவறாகத்தான் வரும்.

2001, 2002 வாக்கில் எங்கள் ஊருக்கு நர்சுகள் வந்து, முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களைக் கூப்பிட்டுக் கர்ப்பப்பை வாயில் ஏதோ தடவிப் பரிசோதித்தார்கள். பக்கத்துப் பஞ்சாயத்தில் செய்யவில்லை. ஏன் அப்படிப் பாகுபாடு காட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது. நீங்களாவது சொல்வீர்களா?
*ஒட்டன்சத்திரம் வாசகி*

இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் மேற்கோள் காட்டப்படும் ஆய்வில் நீங்கள் பங்கெடுத்திருக்கிறீர்கள் அம்மா. உங்களுக்கு யாரும் அதை வந்து சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

தடவியது நீர்த்த அசிட்டிக் அமிலம். வினிகரில் இருக்கிறதே, அதேதான். மாறிப்போன திசு இருந்தால் அந்த இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துவிடும், நர்ஸ் கண்ணாலேயே பார்த்துவிடலாம். லேப் வேண்டாம், இரண்டாவது முறை வரச்சொல்ல வேண்டாம். பணக்கார நாடுகளில் செய்கிற, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனைக்கு லேபும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். நம் ஊர்களில் அது நடக்காது என்பதால், இந்த எளிய முறை உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்துக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57இல் பரிசோதனை, மற்ற 57இல் அப்போது வழக்கத்தில் இருந்த மருத்துவ வசதி மட்டும். உங்கள் பக்கத்துப் பஞ்சாயத்து விடுபட்டது குலுக்கலால்தான், வேறு காரணம் இல்லை. 49 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனைப் பகுதிகளில் இருந்தார்கள். அந்தப் பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. இந்த முடிவு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

சரி, எந்தப் பஞ்சாயத்தில் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று எப்படித் தெரிந்தது? உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அம்பிளிக்கையில் கிறிஸ்தவ மருத்துவமனை இருக்கிறதல்லவா, அவர்கள் நடத்திய புற்றுநோய்ப் பதிவேடுதான் பதில் சொன்னது. அது இல்லாமல் இருந்திருந்தால் நர்சுகள் வந்து போனார்கள் என்பதோடு கதை முடிந்திருக்கும். தாக்கம் தெரிந்திருக்காது, வேறு நாடுகள் இதைக் கையில் எடுத்திருக்கவும் மாட்டா.

நீங்கள் அப்போது பரிசோதித்துக்கொண்டது இன்றைக்கும் செல்லும் என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2022 கணக்கில் இந்தியாவில் மட்டும் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்திருக்கிறது, ஏறத்தாழ 80,000 பேர் இறந்திருக்கிறார்கள். தடுப்பூசி இருக்கிறது, முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியா 2007லேயே பள்ளி மாணவிகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்து, 2035க்குள் இந்த நோயை ஒழித்தே விடுவோம் என்கிறது. ருவாண்டா 2011இல் தொடங்கியது. இலங்கையில் 2017இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். நாம் ஏன் இவ்வளவு தாமதம் செய்தோம் என்பதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை.

மருந்துக்கே காசில்லாத நாடுகளில் எண்ணுவதற்குப் பணம் செலவழிப்பது நியாயமா?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்*

நியாயம் என்றுதான் நினைக்கிறேன், அதுவும் அங்கேதான் அதிகம் தேவை. ஐந்து கோடி ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். ரேடியேஷன் எந்திரம் வாங்குவதா, மார்பகப் பரிசோதனைக்கு ஆள் போடுவதா, எந்த மாவட்டத்தில்? எண்ணிக்கை இல்லாவிட்டால் யார் குரல் பெரிதோ அவர் ஊருக்குப் போகும். வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் ஐந்தில் ஒன்றிடம்தான் திட்டமிடுவதற்கு வேண்டிய தரவு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. 2022இல் உலகில் 2 கோடிப் பேருக்குப் புற்றுநோய் வந்தது, 2050இல் மூன்றரைக் கோடி ஆகும் என்கிறார்கள். மேம்பாட்டில் அடிமட்டத்தில் இருக்கும் நாடுகளில்தான் ஏறும் வேகம் அதிகம், 142 சதவீதம். எந்திரமும் மருத்துவரும் ஒரே நாளில் வந்துவிடமாட்டார்கள், இப்போதே கணக்குப் போட்டாக வேண்டும்.

எண்ணப் போவதே வைத்தியமாக அமைந்த இடமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பார்ஷி என்ற ஊரில் 1987இல் நாட்டின் முதல் கிராமப்புறப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எண்ண முடியாது, வருகிறவர்களே குறைவு. களப்பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போய், இப்படி இப்படி அறிகுறி இருந்தால் காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே கேட்டார்கள். சில வருடங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்த பெண்களில் ஆரம்ப நிலையிலேயே வந்தவர்களின் பங்கு கூடியது, பிழைத்தவர்களும் கூடினார்கள். என் வேலையில் எனக்குச் சோர்வு வந்தபோதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது பார்ஷியைத்தான்.

வேலைக்காகக் கம்பாலாவில் இருக்கிறேன். எங்கள் காவலாளியின் ஏழு வயதுப் பையனுக்குத் தாடையில் கட்டி. பர்க்கிட் லிம்போமா என்றார்கள். குணமாகக்கூடியது என்றும் சொன்னார்கள். இங்கே ஏன் இவ்வளவு பிள்ளைகள் இறக்கிறார்கள்?
*வாசகர், கம்பாலா, உகாண்டா*

பர்க்கிட் லிம்போமா என்பது நிணநீர்ச் செல்களில் வரும் ஒரு புற்றுநோய். அந்த நோயை உலகுக்குச் சொன்னதே நீங்கள் இருக்கும் ஊர்தான். கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர், தாடை வீங்கிய பிள்ளைகளைப் பார்த்து 1958இல் எழுதினார். அதோடு நிற்கவில்லை. கட்டியின் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தை ஆப்பிரிக்கா முழுக்க மருத்துவமனைகளுக்கு அனுப்பி, இப்படிப் பிள்ளைகள் வருகிறார்களா என்று கேட்டார். 1961இல் இரண்டு நண்பர்களோடு பழைய ஃபோர்டு வண்டியில் ஏறி, 16,000 கிலோமீட்டர் சுற்றி, மருத்துவமனை மருத்துவமனையாக விசாரித்தார். குளிரான மலைப்பகுதிகளில் நோய் இல்லை, வெப்பமும் மழையும் உள்ள மலேரியாப் பகுதிகளில் இருக்கிறது என்று வரைபடம் காட்டியது. கம்பாலாவிலிருந்து விமானத்தில் போன கட்டித் துண்டிலிருந்துதான் லண்டனில் 1964இல் எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் என்று முதலில் தெரியவந்தது அதுதான். நாங்கள் செய்த வேலையும் பர்க்கிட் செய்ததும் ஒரே வேலை, எங்கள் துறையில் அந்தப் பயணத்தைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம்.

கம்பாலாவில் 1950களிலேயே பதிவேடும் தொடங்கியாயிற்று. அப்படியும் பிள்ளைகள் இறக்கிறார்கள் என்றால், எண்ணிக்கை மட்டும் போதாது என்றுதான் அர்த்தம். 2016இல் உகாண்டாவின் ஒரே ரேடியேஷன் எந்திரம் பழுதாகி நின்றது. அடுத்தது ஓட ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது நிலைமை தேறியிருக்கிறது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் மூன்று பேர்கூட இல்லை. இதிலும் பெயரே எழுதப்படாத பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். 2015இல் உலகில் ஏறத்தாழ 3,97,000 பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வந்திருக்கும், அதில் 2,24,000 பேருக்குத்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று 2019இல் ஓர் ஆய்வு கணித்தது. மேற்கு ஐரோப்பாவில் நூற்றுக்கு மூன்று பிள்ளைகளுக்கு நோய் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் 57.

அந்தப் பையனுக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதுவே பெரிய விஷயம். பர்க்கிட் மிக வேகமாக வளரும், ஆனால் கீமோவுக்கு நன்றாகக் கேட்கும். வீடு தூரம், பஸ் காசு இல்லை, தகப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று இடையில் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு தவணைக்கும் அவனைக் கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள், அவன் அப்பாவுக்கு அந்த நாட்களில் சம்பளம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா கணையப் புற்றுநோயில் வீட்டில் இறந்தார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். இனி என்ன என்று விட்டுவிடலாமா?
*பெரியகுளம் வாசகர்*

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இறக்கும்போது எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும், அது காரணம் ஆகாது. காரணம் என்பது அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்ட நோய். 2020 கணக்குப்படி, இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். அந்தக் கொஞ்சத்திலும் "மாரடைப்பு", "மூச்சடைப்பு", "வயது முதிர்வு" என்று எத்தனை பார்த்திருக்கிறேன்! சான்றிதழில் புற்றுநோய் என்று இருந்தால், நாங்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போய், எங்கே வைத்தியம் பார்த்தார்கள் என்று தேடுவோம். எங்களிடமிருந்து தப்பிய பலரைக் கடைசியில் அப்படித்தான் பிடிப்போம். மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்த வழியும் அடைபடும். கணையப் புற்றுநோய் போல வந்த சில மாதங்களிலேயே முடிந்துவிடும் நோய்களில் இந்த இழப்பு மிக அதிகம்.

இதனால்தான் மில்லியன் இறப்பு ஆய்வு என்ற பெயரில் வீடு வீடாகப் போய், இறந்தவருக்கு என்னென்ன இருந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதினார்கள். அப்படித்தான் 2010இல் இந்தியாவில் புற்றுநோயால் இறந்தவர்கள் 5,56,400 பேர் என்று ஒரு கணக்கு கிடைத்தது. அதில் 71 சதவீதம் பேர் 30க்கும் 69க்கும் இடைப்பட்ட வயதினர்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தத்தின்படி, மருத்துவமனையில் இறந்தால் காரணச் சான்றைப் பதிவாளருக்குத் தருவதோடு நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் தரவேண்டும். வீட்டில் இறந்தால், கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவர்தான் எழுதித் தரவேண்டியவர். அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றின் நகலை எடுத்துக்கொண்டு அந்த மருத்துவரிடம் போங்கள். பிறகு இறப்பைப் பதிந்த அலுவலகத்தில் திருத்தத்துக்கு எழுதிக் கொடுங்கள். அங்கே நடக்காவிட்டாலும், அம்மாவுக்குப் பயாப்சி செய்த மருத்துவமனையில் "புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு விவரம் போயிற்றா?" என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அவர்களே அனுப்பலாம், இறந்து எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.